முன்குறிக்கு மீசை முளைத்த வருஷம்

லைல் பெராலாவுக்கு அறுபத்தாறு வயதில் புதிதாக ஒரு விரோதி உண்டானது. ஆள் இல்லை. அவருடைய கைத்துப்பாக்கியின் குழல் நுனியில் முப்பது வருஷமாகச் சாதுவாக நின்றிருந்த முன்குறிதான் அது. பல் மாதிரி ஒரு சின்ன இரும்புத் துண்டு. பின்பக்கத் தகட்டில் வெட்டிய பள்ளத்துக்கு நடுவே அந்தத் துண்டை நிறுத்தி, அதன் தலைமேல் அட்டையின் கறுப்பு வட்டத்தை உட்கார வைத்துச் சுட்டால் குண்டு சொன்ன இடத்துக்குப் போகும். அந்த வருஷம் அக்டோபரில், குளிர்காலப் போட்டிகள் தொடங்கிய முதல் சனிக்கிழமை, லைல் கையை நீட்டிப் பார்த்தபோது அந்தத் துண்டுக்கு மீசை முளைத்திருந்தது. துணியால் துடைத்தார். மீசை போகவில்லை.

"எண்ணெய்ல கலப்படம் பண்றானுங்க, ஆர்லீன். இரும்பே நுரைச்சுப் போகுது பாரு" என்றார் மனைவியிடம்.

"அப்படியா, பாவம் இரும்பு" என்றார் ஆர்லீன்.

மிச்சிகனின் வடகோடியில், ஏரியைப் பார்த்தபடி இருக்கிற கார்வர் லேண்டிங் ஊரில், லைலின் கண்ணைப் பற்றி அவர் ஒருவர் தவிர யாரும் பெருமையாகப் பேசியது கிடையாது. அவர் வேறு யாருக்கும் அந்த வாய்ப்பைக் கொடுத்ததில்லை. அப்பா செம்புச் சுரங்கத்தில் இருந்தார். சுரங்கம் மூடியபோது லைலுக்குப் பன்னிரண்டு வயது. வளர்ந்ததும் மாவட்ட நிர்வாகத்தின் பனி தள்ளும் லாரியில் ஏறியவர், முப்பத்து நாலு குளிர்காலம் இறங்கவில்லை. ஆளுயரப் பனிக்குள் புதைந்து கிடக்கும் தபால்பெட்டி எதையும் அவர் இடித்ததில்லை. இடித்த இரண்டு பெட்டிகளும் தவறான இடத்தில் நட்டவை என்று இன்றைக்கும் சாதிப்பார். ஓய்வு பெற்ற அன்று கேக்கில் ஒரு கழுகு வரைந்து கொடுத்தார்கள். அதோடு அவரைப் பிடிக்க முடியவில்லை.

ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தின் நிலவறையில் பன்னிரண்டு சுடுகூண்டுகள் உண்டு. ஐம்பதடி தூரத்தில் அட்டை. அங்கே சுவரில் ஒரு பலகை தொங்கும். பலகையின் இடது பக்கம் இரும்புக் குறியில் சுடுகிறவர்களின் பெயர்கள், ஜோடி ஜோடியாக. வலது பக்கம், துப்பாக்கி மேல் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி பொருத்திக்கொண்டவர்கள், தனித்தனியாக. அந்தக் கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி மிதக்கும். புள்ளி எங்கேயோ குண்டு அங்கே. லைல் அதை விளக்கு என்பார். வலது பக்கத்துக்காரர்கள் விளக்குக்காரர்கள். ஜனவரி முதல் சனிக்கிழமை எல்லோரும் தம் பக்கத்தை அறிவிக்க வேண்டும். வலது பக்கம் போகிறவர் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "என் கண் போச்சு, விளக்கு வேணும்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் எல்லோருக்கும் ஏலக்காய் ரொட்டி கொண்டுவர வேண்டும். ஒருமுறை போனவர் திரும்பி வர முடியாது. இந்த ஏற்பாட்டை யார் செய்தது என்று கேட்கத் தேவையில்லை. முப்பத்தொன்பது வயதில், கண்ணில் குறை என்பதே தெரியாத திமிரில், ஒரு சனிக்கிழமை மதியம் லைல் எழுதிக் கொடுத்தது. அதற்குப் பிறகு ஏழு பேர் எழுந்து நின்று கண் போனதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு பேரின் ரொட்டியையும் லைல் மிச்சம் வைக்காமல் தின்றிருக்கிறார், ஒவ்வொருவருக்கும் கைவிளக்கு ஒன்று பரிசளித்துவிட்டு.

இடது பக்கத்தில் நான்காவது பெயர் லைல், ஆர்லீன் பெராலா. இருபத்தேழு வருஷமாக ஒரே கூண்டு. ஜோடிகளுக்கு ஒரே அட்டைதான்: இவர் ஐந்து, அவர் ஐந்து என்று மாறி மாறி அதே அட்டையில் சுட வேண்டும்; ஒரு போட்டிக்கு அப்படி மூன்று அட்டை. யார் துளை எது என்று கேட்கக் கூடாது என்பதும் விதி. அதுவும் லைல் போட்டதுதான், ஆனால் இதை அவர் கேலிக்காகப் போடவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து நேராக வந்து, தன் அப்பா விட்டுப்போன பழைய முப்பத்திரண்டு அளவுச் சுழல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நின்ற புது மனைவிக்கு நாலு பேர் முன்னால் தலைகுனிவு வரக்கூடாதே என்று போட்டது. அப்படி ஓர் அன்பு அவரிடம் உண்டு. அதை மறைப்பதற்குத்தான் அட்டை வந்ததும் ஓரத்துத் துளைகளைக் காட்டி, "உன் கோழிங்க மறுபடியும் வேலி தாண்டிருச்சு, ஆர்லீன்" என்பார். ஆர்லீன் காபியை ஊதிக் குடிப்பார்.

ஆர்லீனுக்கு ஒரே ஓர் ஆசை. மார்ச் மாதக் கடைசிப் போட்டியில் இடது பக்க ஜோடிக்குக் கொடுக்கும் செம்புத் தட்டு. இருபத்தேழு வருஷத்தில் அது அவர்கள் வீட்டுக்கு வந்ததில்லை. இரண்டாம் இடம் மட்டும் ஆறு முறை.

மீசை முளைத்த அந்த அக்டோபரில் லைல் சும்மா இருக்கவில்லை. முதலில் தீக்குச்சியைக் கொளுத்தி முன்குறிக்குப் புகைக்கரி ஏற்றினார். பழைய ஆட்கள் செய்வது. கறுத்த மீசை இன்னும் கறுத்தது. அடுத்து ஆர்லீனின் நகச்சாயத்தை எடுத்துப் பூசினார். பவழ நிறம். இப்போது மீசை சிவந்து, பள்ளத்துக்குள் ஒரு பூநாரை நிற்பது போல் இருந்தது. பிறகு பச்சை இழை வைத்த முன்குறி ஒன்றை வாங்கி மாட்டினார். முற்றத்து வெயிலில் அது ஜொலித்த அழகைப் பார்த்து விசிலடித்துக்கொண்டே நிலவறைக்குப் போனார். வெளிச்சம் விழுந்தால்தான் அந்த இழை மின்னும். நிலவறையில் இருந்ததோ இரண்டே குழல்விளக்கு. பச்சை அங்கே செத்துக் கிடந்தது.

மருந்துக்கடையில் தொங்கும் படிப்புக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். முன்குறி ஓரளவு தெளிந்தது, அட்டை இருந்த இடத்தில் பனிமூட்டம் மட்டும் இருந்தது. ஒட்டுப்பட்டையில் ஊசித்துளை போட்டுக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தார். வீட்டு ஜன்னலோரம் முன்குறி, அட்டை இரண்டும் கல்லில் செதுக்கியது போலத் தெரிந்தன. நிலவறையில் ஒன்றுமே தெரியவில்லை. கடைசியில் இரண்டு அடுக்குக் கண்ணாடியின் கீழ்ப் பாதி வழியாகப் பார்ப்பதற்காகத் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சுடத் தொடங்கினார்.

"என்ன லைல், கோழி தண்ணி குடிக்கிற மாதிரி நிக்கிற?" என்று கேட்டார் கிளிஃப் ட்ரெவன்.

கிளிஃப் சங்கத்தின் தலைவர். ஆணி முதல் துப்பாக்கி வரை விற்கிற கடை வைத்திருப்பவர். இரும்புக் குறியில் நல்ல கை. அவருடைய ஜோடி போன வருஷம் அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டதால் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"கழுத்து வலி" என்றார் லைல்.

நவம்பரில் அவர்களுடைய ஜோடி எண்ணிக்கை முந்நூற்றுக்கு இருநூற்றறுபதுக்குக் கீழே போனது. ஜனவரி வருகிறது. இடது பக்கமே இருந்தால் ஆர்லீனின் தட்டு இந்த வருஷமும் இல்லை. வலது பக்கம் போனால் அந்த வாக்கியத்தை அந்த ஏழு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதைக்கூட விழுங்கிக்கொள்ளலாம், ஆனால் வலது பக்கத்தில் ஜோடி கிடையாது. சனிக்கிழமை மதியம் ஆர்லீன் தோள் உரச ஒரே கூண்டில் நிற்பது இல்லாமல் போகும்.

இருந்தாலும் ரகசியமாக ஒரு விளக்கைப் பார்த்து வைப்பதில் தப்பில்லை என்று தோன்றியது. கிளிஃப்பின் கடைக்குப் போனார்.

"மச்சினன் ரோஜருக்கு. சிவப்புப் புள்ளி ஒண்ணு வேணும்னான்."

"ரோஜர் ஃப்ளோரிடாவுக்குப் போயிட்டானே? அவன்கிட்ட தூண்டில் தவிர ஒண்ணும் கிடையாதே?"

"அங்கேயும் மனுஷனுக்கு வயசாகும்ல."

கிளிஃப் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

லைல் வண்டிக் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு, குண்டில்லாத துப்பாக்கியில் அதைப் பொருத்திச் சுவரைப் பார்த்தார். புள்ளி எங்கே இருந்தது? நசுங்கிய ராஸ்பெர்ரிப் பழம் ஒன்று வால் முளைத்து மிதந்தது. இதற்கா இந்த விலை என்று மறுநாளே திருப்பிக் கொடுத்தார். கிளிஃப் வேறொன்று கொடுத்தார். அதிலும் ராஸ்பெர்ரிதான். மூன்றாவதில் இரண்டு ராஸ்பெர்ரி.

"ரோஜர் சொல்றான், இந்தக் கம்பெனிக்காரனுங்க எல்லாம் திருடனுங்களாம்" என்று மேஜையில் மூன்றாவதையும் வைத்தார்.

கிளிஃப் அதை எடுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு தன் செல்போனை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்து ஒரு படம் எடுத்தார். படத்தை விரலால் பெரிதாக்கி லைலிடம் நீட்டினார். லைல் அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். நாணயம் போல வட்டமான, சுத்தமான சிவப்புப் புள்ளி.

"போனுக்கு வெள்ளெழுத்து கிடையாது, லைல்" என்றார் கிளிஃப். "முன்னாடி வாங்கின ரெண்டையும் கம்பெனிக்கு அனுப்பினேன். குறை ஒண்ணும் இல்லைன்னு அழகாக் கடுதாசி போட்டுத் திருப்பி அனுப்பிட்டான். ரோஜர்கிட்ட சொல்லு, கண் டாக்டர்கிட்ட போகச் சொல்லி."

லைல் போனைத் திருப்பிக் கொடுத்தார். "சொல்றேன்" என்றார்.

பக்கத்து ஊர் டாக்டர் வூரியிடம் அவர் கடைசியாகப் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குள் துப்பாக்கி எடுத்துப் போக முடியாது என்பதால், அதே நீளத்துக்கு ஒரு மரத்துண்டை அறுத்து, நுனியில் ஓர் ஆணி அடித்துக் கொண்டு போனார். காத்திருந்தவர்கள் எல்லோரும் அந்தக் கட்டையையே பார்த்தார்கள். டாக்டரம்மா ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. டிசம்பர் மாதத்தில் மரக்கட்டையோடு வருகிற நாலாவது ஆள் இவர்.

"கையை நீட்டுங்க. சுடற மாதிரியே. மூச்சை விட்டுடுங்க" என்று சொல்லி, கண்ணிலிருந்து ஆணி வரை அளவுநாடா பிடித்தார். "இருபத்தாறரை அங்குலம். சரி, கேளுங்க லைல். சின்ன வயசுல கண்ணு கிட்டயும் தூரமும் ஓடி ஓடிப் பாக்கும். பின்பள்ளம், முன்குறி, அட்டை, மூணும் ஒண்ணா தெரியுதுன்னு நெனச்சுக்குவோம். இப்ப ஓட முடியாது. ஒண்ணைத்தான் பாக்கும். எதை விட்டுக்கொடுக்கறீங்கன்னு நீங்கதான் சொல்லணும்."

"விட்டே கொடுக்கலைன்னா?"

"மூணும் உங்களை விட்டுடும். முன்குறி தெளிவாத் தெரியற மாதிரி ஒரு கண்ணாடி போட்டுத் தரலாம். அட்டை கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும். இல்ல, சிவப்புப் புள்ளின்னா தூரத்துக்குக் கண்ணாடி. விழியோட வளைவு கோணலா இருக்கு, அதனாலதான் புள்ளி நசுங்கித் தெரியுது. கண்ணாடி அதைச் சரி பண்ணிடும். என்னைக் கேட்டா ரெண்டாவது. அட்டையை மட்டும் பாத்தா போதும், புள்ளி தானா வந்து உக்காந்துக்கும். வலது கண்ணுல புரை வேற ஆரம்பிச்சிருக்கு. மங்கல் வெளிச்சத்துல இரும்பை வச்சு வருஷக்கணக்கா மல்லுக்கட்ட முடியாது."

"மொதலாவதுல எவ்வளவு நாள் ஓட்டலாம்?"

"ரெண்டு வருஷம் ஓட்டலாம். சுமாரா."

சுமார் என்ற சொல் லைலுக்குத் தேனாக இனித்தது. "மொதலாவதே போடுங்க" என்றார்.

அறிவிப்புக்கு மூன்று நாள் முன்னால் கண்ணாடி வந்தது. கை நீளத்தில் இருப்பது மட்டும் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் புகை. துப்பாக்கியை நீட்டிப் பார்த்தார். மீசையை யாரோ மழித்திருந்தார்கள். முன்குறி நாலு மூலையும் கூராக, கல்யாணத்தன்றைக்கு நின்றது போல நின்றது. லைலுக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கப்படாமல் கொஞ்சம் அழவும் செய்தார். இன்னும் இரண்டு வருஷம் ஆர்லீனோடு ஒரே கூண்டு. பெரிதாக ஒன்றும் கேட்கவில்லையே அவர்.

கண்ணாடி பழகட்டும் என்று சமையலறையில் நின்றுகொண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததையெல்லாம் படித்தார். ஓட்ஸ் டப்பா. விதைப் பட்டியல். பிறகு குளிர்பெட்டி. அதன் கதவில் போன மார்ச் மாதத்து அட்டை காந்தத்தின் கீழ் தொங்கியது. நாலு புள்ளியில் தட்டைத் தவறவிட்ட போட்டியின் கடைசி அட்டை. அதை அங்கே மாட்டியது லைல்தான். ஓரத்தில் தனித்தனியாகத் திரிந்த மூன்று துளைகளைக் காட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஆர்லீனின் கோழிகளைப் பற்றிச் சொல்வதற்காக.

பத்து துளை. ஐந்து துளைகள் பெரியவை. காகிதத்தைத் துளையிடும் கருவியால் அழுத்தியது போல ஓரம் சுத்தமானவை. ஐந்து சின்னவை, ஓரம் பிய்ந்தவை. இவ்வளவு நாளும் எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்புப் பொட்டுகளாகத்தான் அவருக்குத் தெரிந்திருந்தன. ஆர்லீனுடைய முப்பத்திரண்டின் குண்டு பெரியது, மழுங்கிய தலை. லைலுடைய இருபத்திரண்டின் குண்டு சின்னது. நடுவில் ஒரு காபிக் கோப்பையின் அடிக்குள் அடங்குகிற மாதிரிக் கூடி உட்கார்ந்திருந்த ஐந்தும் பெரியவை. வேலி தாண்டித் திரிந்த மூன்றும் சின்னவை.

லைல் நம்பவில்லை. மேஜை மேலிருந்த பென்சிலை எடுத்தார். நடுவில் இருந்ததற்குள் விட்டார், வழுக்கிக்கொண்டு போனது. ஓரத்தில் இருந்ததற்குள் விட்டார்; போகவில்லை. மூன்றிலும் விட்டுப் பார்த்தார். மூன்றிலும் போகவில்லை.

தொலைபேசிக்குக் கீழே இழுப்பறையில் பழைய அட்டைகள் கட்டாகக் கிடந்தன. ஆர்லீன் அவற்றின் பின்பக்கத்தில் கடைச் சாமான் எழுதுவார். லைல் ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரு பக்கம் முட்டை, ஈஸ்ட், வெங்காயம். மறு பக்கம் லைலுடைய கோழிகள். நாலு வருஷத்துக்கு முந்தைய அட்டை, அதே கதை. ஆறு வருஷத்துக்கு முந்தையது, கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் அதே கதை. அதற்கும் முன்னால் போனால்தான் பென்சில் ஓரத்துத் துளைகள் சிலவற்றில் சமாதானமாகப் போனது. அந்த ஆறு வருஷத்தில் நாலு முறை இரண்டாம் இடம். தலைகீழாக நின்று கூட்டிப் பார்த்தாலும் கணக்கு ஒரே இடத்துக்குத்தான் வந்தது. ஆர்லீனுக்குத் தட்டு கிடைக்காமல் செய்தது ஆர்லீன் இல்லை.

அவர் அவமானப்பட்டார். அதைவிட, ஆர்லீன் பெயரில் தான் அடித்த கேலிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தபோது நெஞ்சு எரிந்தது. ஊர் முழுக்கச் சிரித்ததே, அது யாரைப் பார்த்து என்று இப்போது புரிந்தது. பன்னிரண்டு கூண்டிலும் கண் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஆர்லீன் வெந்நீராவிக் குளியலறையான சவுனாவுக்கு விறகு போட்டுவிட்டு உள்ளே வந்தார். கணவர் புதுக் கண்ணாடியும் கையில் பென்சிலுமாக நிற்பதைப் பார்த்தார். குளிர்பெட்டிக் கதவில் அட்டை கோணலாகத் தொங்கியதையும் பார்த்தார்.

"குறுக்கெழுத்தா?" என்று கேட்டார்.

"ஆமா."

"கண்ணாடி எப்படி?"

"எல்லாம் தெரியுது" என்றார் லைல்.

சனிக்கிழமை மதியம் நிலவறையில் நாற்காலி போதவில்லை. சங்கத்துக் கூட்டத்துக்கு எட்டிக்கூடப் பார்க்காத விளக்குக்காரர்கள் ஏழு பேரும் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ரோஜரின் கண்ணைப் பற்றிக் கிளிஃப் அரசல் புரசலாக ஏதோ சொல்லியிருக்க வேண்டும். ஏழு பேர் மடியிலும் லைல் கொடுத்த கைவிளக்கு இருந்தது.

கிளிஃப் பெயர்களைக் கூப்பிட்டார். "பெராலா, லைலும் ஆர்லீனும். இடதுதானே?"

"இடது" என்றார் ஆர்லீன்.

லைல் எழுந்தார். அந்த முன்குறிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்ததால் முன்வரிசை முகங்கள் அவருக்குப் புகையாகத்தான் தெரிந்தன. அது நல்லதாகப் போயிற்று. சட்டைக்குள்ளிருந்து பழைய அட்டைகளை எடுத்தார்.

"இது ஆறு வருஷத்து அட்டை. நடுவுல இருக்கறது எல்லாம் ஆர்லீனோடது. ஓரத்துல இருக்கறது எல்லாம் என்னோடது. உங்களுக்கெல்லாம் தெரியும். எனக்குப் புதன்கிழமைதான் தெரிஞ்சுது. நான் அவளைச் சொன்னது எல்லாம் தப்பு. நாலு தடவை அவளுக்குத் தட்டு வந்திருக்கணும், நான் தள்ளிவிட்டேன்."

"லைல், உக்காரு" என்றார் ஆர்லீன் பல்லைக் கடித்துக்கொண்டு. காது வரை சிவந்துவிட்டது அவருக்கு.

"உக்காரமாட்டேன். என் கண் போச்சு. விளக்கு வேணும்."

ஏழு கைவிளக்கும் ஒரே நேரத்தில் எரிந்து லைலின் முகத்தில் அடித்தன. சிரிப்பில் கூரை அதிர்ந்தது. ஒருவர் நாற்காலியிலிருந்து விழுந்தே போனார். லைல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதை முழுவதும் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"ரொட்டி எங்கடா?" என்று கத்தினார் ஒருவர்.

"அடுத்த வாரம்."

"நீயே சுடணும்! அவளைச் சுட வைக்காதே!"

சத்தம் அடங்கியதும் கிளிஃப் தொண்டையைச் செருமினார். "ஆர்லீன், அப்ப உனக்கு ஜோடி யாரு?"

ஆர்லீன் கணவரைப் பார்த்த பார்வையில் இரண்டு வாரத்துக்கான கோபம் இருந்தது. தன்னைக் கேட்காமல் தன்னை விடுதலை செய்கிற ஆளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் வரும். பிறகு கிளிஃப் பக்கம் திரும்பினார்.

"உன் பதினஞ்சு குண்டுக்குச் சராசரி எவ்வளவு?"

"நூத்து முப்பத்தொன்பது."

"கையெழுத்துப் போடு. அடுத்த சனிக்கிழமை ஒரு மணிக்கு வந்துடு. லேட்டா வந்தா வேற ஆள் பாத்துப்பேன்."

ஒரு கண்சிமிட்டும் நேரம்கூட அவர் தயங்கவில்லை. தான் செய்தது தியாகம் என்று நினைத்துக்கொண்டிருந்த லைலுக்கு அது சுருக்கென்றது. கொஞ்சமாவது யோசித்திருக்கலாம்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஆர்லீன்தான் வண்டி ஓட்டினார். பனி மெல்ல விழுந்துகொண்டிருந்தது.

"ஆறு வருஷமாத் தெரியுமா உனக்கு?" என்று கேட்டார் லைல்.

"ஏழு."

"ஏன் சொல்லல?"

"யாரு ஓட்டைன்னு கேக்கக் கூடாதுன்னு விதி போட்டது யாரு? நீ கேக்கல. நான் சொல்லல."

"விளையாடாதே, ஆர்லீன்."

ஆர்லீன் வண்டிக் கண்ணாடியின் துடைப்பானை வேகமாக ஓட விட்டார். "தட்டு மேல எனக்கு ஆசைதான். இல்லைன்னு சொல்லமாட்டேன். உன்கூட ஒரே கூண்டுல நிக்கறதுல அதைவிட ஆசை. சொல்லியிருந்தா நீ அன்னிக்கே எழுந்து நின்னு இந்தக் கூத்தை அடிச்சிருப்பே. அதான் சொல்லல." கொஞ்சம் பொறுத்து, "இப்ப அதைக் கெடுத்துட்டே. இனி தட்டையாவது வாங்கித் தொலைக்கறேன்" என்றார்.

லைல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் போட்டிருந்த முன்குறிக் கண்ணாடியில் வெளியே ஒன்றும் தெரியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மார்ச் மாதம் ஆர்லீன் தட்டை வாங்கிவிட்டார். ஆர்லீன், கிளிஃப் ஜோடிக்கு இருநூற்று எண்பத்திரண்டு. அடுத்த ஜோடிக்கும் அவர்களுக்கும் இடையே மூன்று புள்ளி. பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து நின்று முதலில் கைதட்டியவர் லைல். கடைசி வரை தட்டிக்கொண்டிருந்தவரும் அவர்தான். கிளிஃப் ஆர்லீனின் தோளைத் தட்டிப் பாராட்டியபோது மட்டும் கொஞ்சம் எரிந்தது. அதை அவர் மறைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் "எனக்கு எரியுது" என்றே சொன்னார்.

அவரும் அன்று வலது பக்கத்தில், தனிக் கூண்டில், டாக்டரம்மா கொடுத்த இரண்டாவது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுட்டிருந்தார். புள்ளி வட்டமாகத்தான் மிதந்தது. எட்டுப் பேரில் ஐந்தாவதாக வந்தார். அந்தக் குளிர்காலத்தில்தான் தொடங்கியவனுக்கு அது மோசமில்லை என்று ஏழு பேரும் பெரிய மனசோடு சொன்னார்கள்.

வண்டி நிறுத்தும் இடத்தில் ஆர்லீன் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறு கையை நீட்டி லைலின் அட்டையைக் கேட்டார். முழு அட்டை; பத்து துளையும் ஒரே ஆள் சுட்டது. ஏழு துளைகள் நடுவில் நன்றாகத்தான் இருந்தன. மூன்று ஓரத்தில் ஆளுக்கொரு திசையில் கிடந்தன. ஆர்லீன் அந்த மூன்றின் மேலும் விரலை வைத்து, வேண்டுமென்றே மெதுவாகக் கேட்டார்.

"இது யாரோடது?"

"என்னோடது" என்றார் லைல்.